வேட்பாளர் முடிவான பிறகு வருகிறது நம் முறை

கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதி, மீனாட்சிபுரத்து மக்களுக்கும், மூணாறு, தேவிகுளம், பூப்பாறை, வண்டிப்பெரியாறு, குமுளித் தோட்டக்காட்டு மக்களுக்கும்,



மறக்காமல் ஓட்டுப் போடுங்கள் என்று புத்தி சொல்வதற்காக இதை எழுதவில்லை. அதைச் சொல்லத் தேர்தல் ஆணையம் இருக்கிறது, பள்ளிக்கூடப் பிள்ளைகளின் ஊர்வலம் இருக்கிறது. நீங்கள் ஏன் ஒதுங்குகிறீர்கள் என்பது எனக்குத் தெரியும். அதில் நியாயம் இருக்கிறது என்றும் நினைக்கிறேன். ஒதுங்குகிற இடம்தான் தவறு என்பது என் வாதம். அதை உங்களோடு வாதாடிப் பார்க்கத்தான் இந்த மடல்.

2024 ஏப்ரல் 26ஆம் தேதியை எடுத்துக்கொள்வோம். இடுக்கி மக்களவைத் தொகுதியில் 2019இல் 76 சதவீதத்தைத் தாண்டியிருந்த வாக்குப்பதிவு அன்று 66 சதவீதச் சொச்சத்தில் நின்றுபோனது. சித்தூர் அடங்கிய ஆலத்தூர்த் தொகுதியில் 80ஐத் தாண்டியிருந்தது, 73க்கு இறங்கியது. கட்சிக்காரர்கள் வெயிலைக் காரணம் சொன்னார்கள். பாலக்காட்டில் அந்த வாரம் வெயில் கொளுத்தியது உண்மைதான். மூணாறுக்கும் அதே காரணம் பொருந்துமா? ஏப்ரலில் ஊர் ஊராக ஜனங்கள் குளிர் தேடி வரும் இடம் அது. வெள்ளிக்கிழமை என்றார்கள், பிள்ளைகள் வெளிநாட்டுக்குப் போய்விட்டார்கள் என்றார்கள். எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் உண்மை இருக்கும். ‘எவன் வந்தா நமக்கென்ன’ என்று டீக்கடையில் நாள் தவறாமல் கேட்கிற பேச்சை மட்டும் யாரும் கணக்கில் சேர்க்கவில்லை.

அரசியலில் அக்கறை இல்லாதவர்களா நீங்கள்? வேலந்தாவளம் காய்கறிச் சந்தைக்குக் காலையில் போய் நின்றாலே தெரிந்துவிடும். தக்காளிக் கூடையை இறக்கி வைத்த கையோடு ஸ்டாலினா எடப்பாடியா என்று பேச்சு தொடங்கும். 2024 அக்டோபரில் விக்கிரவாண்டியில் விஜய் மாநாடு நடந்த பிறகு அந்தப் பேச்சுக்கு இன்னும் சூடு பிடித்துவிட்டது. லயத்து வீடுகளிலும் அப்படித்தான். கூரைக்கு மேலே டிஷ், உள்ளே சென்னைச் செய்தி. யார் கூட்டணி மாறினார், யார் என்ன பேட்டி கொடுத்தார் என்று கொழுந்து கிள்ளுகிற இடத்தில்கூட விவாதம் நடக்கும். அத்தனை கருத்தும் நாம் ஓட்டுப் போட முடியாத மாநிலத்தைப் பற்றியது. ஓட்டுப் போடுகிற மாநிலத்தில் சித்தூருக்கும் தேவிகுளத்துக்கும் அடுத்து யாரை நிறுத்தப் போகிறார்கள் என்று கேளுங்கள், பாதிப் பேர் உதட்டைப் பிதுக்குவார்கள். பார்க்கிற அரசியல் ஒன்று, ஓட்டுப் போடுகிற அரசியல் வேறு. எல்லையில் வாழ்கிறவர்களுக்கு மட்டுமே வாய்த்த விசித்திரம் இது.

இதற்கு உங்களை மட்டும் குறை சொல்ல முடியாது. நம் தொகுதியைப் பற்றிய பேச்சு நம் காதில் விழுகிற இடத்தில் நடப்பதே இல்லை. மார்க்சிஸ்ட் கட்சியின் பட்டியல் மாநிலக் கமிட்டியில் முடிவாகும். காங்கிரஸ் பட்டியல் டெல்லிக்குப் போய்த் திரும்பும். பாஜகவுக்கும் டெல்லிதான். இரண்டு முறை தொடர்ந்து ஜெயித்தவருக்கு மூன்றாம் முறை சீட் இல்லை என்று 2021இல் மார்க்சிஸ்ட் கட்சி விதி வைத்தது. தேவிகுளத்தில் 2006 முதல் மூன்று முறை எம்.எல்.ஏ.வாக இருந்த எஸ். ராஜேந்திரனுக்குப் பதில் ஏ. ராஜா வந்தார். விதி நல்லதா கெட்டதா என்பது வேறு பேச்சு. அவர் போதும், இவர் வேண்டும் என்று தேவிகுளத்து வாக்காளரிடம் யாராவது ஒரு வார்த்தை கேட்டார்களா? பெண் பார்த்து, பேசி முடித்து, தாலியும் கட்டிய பிறகு நம்மைப் பந்தியில் உட்கார வைத்து ‘சாப்பாடு எப்படி?’ என்று கேட்கிறார்கள். அந்தப் பந்திக்குத்தான் சிலர் வராமல் இருந்துவிடுகிறீர்கள்.

அமெரிக்காவில் இதை வேறு மாதிரி செய்கிறார்கள். ஒரு கட்சிக்குள்ளேயே பலர் போட்டியிட்டு, ஒரே மேடையில் நின்று வாதாடி, அந்தக் கட்சி வாக்காளர்கள் மாநிலம் மாநிலமாக ஓட்டுப் போட்டு அதிபர் வேட்பாளரைத் தேர்வார்கள். இதை ரொம்பவும் உயர்த்திப் பேச நான் தயாரில்லை. 2023, 2024இல் குடியரசுக் கட்சிப் போட்டியாளர்களுக்கிடையே நடந்த அந்த விவாதங்களில் ஒன்றில்கூட டிரம்ப் கலந்துகொள்ளவில்லை. அவரே வேட்பாளர் ஆனார். முதல் களமான அயோவாவில் 2024 ஜனவரியில் வந்து ஓட்டுப் போட்டவர்கள் ஒரு லட்சத்துப் பத்தாயிரம் பேர் அளவுக்குத்தான், மாநிலத்தில் அந்தக் கட்சிக்காரர்களாகப் பதிந்தவர்களில் ஏழு பேரில் ஒருவர். ‘எல்லாம் ஏற்கெனவே முடிவாகிவிட்டது’ என்று அலுத்துக்கொள்கிறவர்கள் அங்கேயும் உண்டு. ஆனாலும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. அங்கே அலுத்துப்போய் வீட்டில் இருப்பவர், கதவு திறந்திருக்கும்போது வெளியே நிற்கிறார். நமக்குக் கதவே கிடையாது.

நம் பக்கத்தில் ஒரு முறை கதவைக் கொஞ்சம் திறந்து பார்த்தார்கள். 2022 அக்டோபரில் காங்கிரஸ் தலைவர் பதவிக்குத் தேர்தல் நடந்தது. மல்லிகார்ஜுன கார்கேயை எதிர்த்து நின்றவர் சசி தரூர், பாலக்காட்டுக் குடும்பத்தில் வந்தவர், திருவனந்தபுரத்து எம்.பி. இரண்டு பேரும் வெளிப்படையாக விவாதிக்கலாம், தொண்டர்கள் கேட்கட்டும் என்றார் தரூர். விவாதம் நடக்கவில்லை. கேரளக் காங்கிரஸ் தலைவராக இருந்த கே. சுதாகரனே கார்கேவுக்குத்தான் ஆதரவு என்று வெளிப்படையாகச் சொன்னார். பதிவான வாக்கு 9,385. கார்கேவுக்கு 7,897, தரூருக்கு 1,072, செல்லாதவை 416. நூற்று முப்பது வயதைத் தாண்டிய கட்சிக்குத் தலைவரைத் தேர்ந்தெடுத்தவர்கள் பத்தாயிரம் பேர்கூட இல்லை. கொழிஞ்சாம்பாறையில் கொடி கட்டுகிற தொண்டருக்கு அதில் எந்த வேலையும் இல்லை. தரூர் ஜெயித்திருக்க வேண்டும் என்பது என் வாதம் இல்லை. விவாதம் கேட்டதையே அதிகப்பிரசங்கித்தனமாகப் பார்த்தார்களே, அதுதான் நம் கட்சிகளின் குணம்.

2024 நவம்பர் பாலக்காட்டு இடைத்தேர்தலும் அந்தக் குணத்துக்கு சாட்சி. தன் கட்சியின் வேட்பாளர் தேர்வு சரியில்லை என்று காங்கிரஸின் பி. சரின் பத்திரிகையாளர்களைக் கூட்டிச் சொன்னார். காங்கிரஸ் அவரை வெளியே அனுப்பியது. சில நாளில் இடதுசாரிகள் ஆதரவோடு சுயேச்சையாக நின்றார், மூன்றாம் இடத்துக்குப் போனார். கட்சிக்குள் வாதாடி முடிக்க வேண்டிய விஷயம் கட்சி மாறினால்தான் வெளியே வருகிறது. பிரச்சாரத்தில் என்ன பேசினார்கள்? ஒரு ஹோட்டலுக்குள் போன நீலநிற டிராலிப் பெட்டியில் பணம் இருந்ததா துணி இருந்ததா என்பதை நாட்கணக்கில் பேசினார்கள். நெல் கொள்முதல் பாக்கிக்குக் காத்திருந்த விவசாயி அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதே தேர்தலில் இன்னொன்றும் நடந்தது, அதை நீங்கள் மறக்கக் கூடாது. நவம்பர் 13 என்று குறித்த வாக்குப்பதிவு கல்பாத்தித் தேர்த்திருவிழா நாளில் வந்தது. தேதியை மாற்றுங்கள் என்று கட்சிகள் எல்லாம் சேர்ந்து கேட்டன. ஆணையம் 20ஆம் தேதிக்கு மாற்றியது. நாலு தெரு அக்ரஹாரத்துத் தேருக்காகத் தேர்தல் தேதியே நகர்ந்தது. ஒரே குரலில், நேரத்துக்குக் கேட்டால் நகரும்.

இனி மூணாறுக்கு வருகிறேன். இந்த விஷயத்தில் கேரளத்துக்கே பாடம் நடத்தியவர்கள் நீங்கள்தான்.

2015 செப்டம்பர். 20 சதவீத போனஸ் கேட்டீர்கள், தோட்ட நிர்வாகம் 10 என்றது. அன்றைக்கு நாள்கூலி 232 ரூபாய். பெண்கள் ஆயிரக்கணக்கில் மலையிறங்கி வந்து மூணாறு ரோட்டில் உட்கார்ந்தார்கள். பெயர் பொம்பிளை ஒருமை. ஏஐடியுசி, சிஐடியு, ஐஎன்டியுசி எந்தச் சங்கத் தலைவரும் பக்கத்தில் வரக் கூடாது என்றார்கள். கொழுந்துக் கூடையை நாங்கள் சுமக்கிறோம், பணப்பையை நீங்கள் சுமக்கிறீர்கள் என்ற பொருளில் அவர்கள் போட்ட கோஷம் கேரளத்துத் தொலைக்காட்சி முழுக்க ஓடியது. உள்ளூர் எம்.எல்.ஏ.வையும் விரட்டினார்கள். அவரும் தமிழர், இடதுசாரி, தோட்டத் தொழிலாளரின் ஓட்டில் ஜெயித்தவர். நம் ஆள் ஒருவர் நின்றால் போதும் என்கிறவர்கள் இந்த ஒரு காட்சியை யோசிக்க வேண்டும். வி.எஸ். அச்சுதானந்தன் வந்தபோது மட்டும் வழி விட்டு, கூடவே உட்கார வைத்துக்கொண்டார்கள். போனஸும் கருணைத்தொகையும் சேர்த்து 20 சதவீதம் கிடைத்தது. பிறகு கூலி 301 ரூபாய் ஆனது.

அந்த நவம்பரில் உள்ளாட்சித் தேர்தல் வந்தது. கட்சிகளிடம் சீட் கேட்டு நிற்காமல் பொம்பிளை ஒருமை தன் வேட்பாளர்களைத் தானே நிறுத்தியது. யாரை நிறுத்துவது என்ற முடிவு திருவனந்தபுரத்துக்குப் போகவில்லை. தேவிகுளம் பிளாக் பஞ்சாயத்தில் நல்லதண்ணி டிவிஷனை கோமதி ஜெயித்தார். மூணாறு பஞ்சாயத்தில் இரண்டு வார்டும் கிடைத்தது. பணமும் கொடியும் இல்லாத இரண்டு மாதத்து இயக்கத்துக்கு அது சின்ன வெற்றி இல்லை. பிறகு அமைப்பு உடைந்தது. கோமதி மார்க்சிஸ்ட் கட்சிக்குப் போனார், அங்கிருந்தும் வெளியே வந்தார். ‘பார்த்தியா, கடைசியில் இதுதான்’ என்று கேலி செய்கிறவர்கள் உண்டு. என்னைக் கேட்டால், கடைசியில் என்ன ஆனது என்பதைவிட நடுவில் என்ன நடந்தது என்பதுதான் முக்கியம். யார் நிற்க வேண்டும் என்பதை, வேலைக்கு ஆள் கூடுகிற பெரட்டுக்களத்தில் பேசி முடிவு செய்த ஒரே தடவை அது.

பத்து வருஷம் கழித்து, 2025 டிசம்பர் உள்ளாட்சித் தேர்தலில் அதே நல்லதண்ணிக்கு டெல்லிச் சேனல்களெல்லாம் வந்தன. கூலியைக் கேட்க வரவில்லை. அங்கே பாஜக நிறுத்திய வேட்பாளரின் பெயர் சோனியா காந்தி. அவர் தோற்றார், கேமராக்கள் திரும்பிப் போய்விட்டன.

ஒதுங்குவதில் நியாயம் இருக்கிறது என்று மேலே சொன்னேன். வெறும் வார்த்தைக்குச் சொல்லவில்லை. 2020 ஆகஸ்ட் 6 இரவு பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களை மூடியது. எழுபது பேர் போனார்கள். மறுநாள் கரிப்பூரில் விமான விபத்து. அதற்கடுத்த நாளே முதலமைச்சர் கரிப்பூர் போனார், பெட்டிமுடிக்கு 13ஆம் தேதி வந்தார். மாநில அரசு முதலில் அறிவித்த உதவி கரிப்பூரில் ஓர் உயிருக்கு பத்து லட்சம், பெட்டிமுடியில் ஐந்து லட்சம். மோசமான வானிலை, பாதை இல்லை என்று விளக்கம் சொன்னார்கள். இருக்கலாம். இரண்டு தொகைக்கும் என்ன விளக்கம்? தேவிகுளத்தில் ஓட்டு இருந்தது, எம்.எல்.ஏ.வும் இருந்தார், ஆளுங்கட்சிக்காரர். அந்த வித்தியாசத்தை அறிவிப்பு வரும் முன்பே தடுக்கிற குரல் ஆளுங்கட்சிக்குள் இல்லை.

பாலக்காட்டுப் பக்கம் பிளாச்சிமடையைப் பாருங்கள். பெருமாட்டிப் பஞ்சாயத்தில் கொக்கோகோலா ஆலை நிலத்தடி நீரைக் கெடுத்தது என்று 2002 ஏப்ரலில் மயிலம்மா போன்ற எரவாளர் பழங்குடிப் பெண்கள் போராட உட்கார்ந்தார்கள். 2004இல் ஆலை நின்றது. 2011 பிப்ரவரியில் கேரளச் சட்டமன்றம் இழப்பீட்டுக்குத் தீர்ப்பாயம் அமைக்க மசோதா நிறைவேற்றியது. நிபுணர் குழு போட்ட நஷ்டக் கணக்கு 216 கோடி ரூபாய். மசோதா டெல்லிக்குப் போய் ஜனாதிபதி ஒப்புதல் இல்லாமல் திரும்பியது. அதற்குப் பிறகு எத்தனை தேர்தல் வந்துவிட்டது! ஒவ்வொரு தடவையும் எல்லாக் கட்சி நோட்டீஸிலும் பிளாச்சிமடை இருக்கிறது. பணம்தான் வரவில்லை.

தேவிகுளத்தின் சரித்திரத்தையும் ஒரு வரி சொல்லிவிடுகிறேன். 1957இல் இங்கே ஜெயித்த ரோசம்மா புன்னூஸின் தேர்தலை வழக்குப் போட்டு ரத்து செய்ய வைத்தார்கள். 1958 இடைத்தேர்தலில் அவரே மறுபடி ஜெயித்தார். அந்தத் தேர்தலுக்கு பண்ணைப்புரத்திலிருந்து பாவலர் வரதராஜன் வந்து தோட்டம் தோட்டமாகப் பாடினார். கூட வந்த தம்பி பிற்காலத்து இளையராஜா. ஆட்சி நிலைக்குமா என்ற கவலையில் இருந்த கம்யூனிஸ்ட் கட்சிக்கு உங்கள் பாஷையில் வந்து பேச வேண்டிய அவசியம் அன்று இருந்தது. 2023 மார்ச்சில் ஏ. ராஜாவின் தேர்தலையும் கேரள உயர்நீதிமன்றம் செல்லாது என்றது, தனித்தொகுதியில் நிற்க அவருக்குத் தகுதி இல்லை என்று. 2025 மே மாதம் உச்சநீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. அந்த வழக்கில் அவருடைய மதம் மட்டும் கேள்வி ஆகவில்லை, குடும்பம் 1950க்கு முன்பே இங்கே வந்து குடியேறியதா என்பதும் கேள்வி ஆனது. திருநெல்வேலியிலிருந்து மலையேறிய ஒவ்வொரு குடும்பத்தின் சாதிச் சான்றிதழோடும் ஒட்டிய கேள்வி அது. வருஷக்கணக்கில் கோர்ட்டில் நடந்த அந்த விவாதத்தை உங்களுக்குத் தமிழில் எடுத்துச் சொன்ன கட்சி எது?

இப்போது உங்களுக்குப் பிடிக்காத ஒன்றைச் சொல்லப் போகிறேன். இரட்டை ஓட்டு. கம்பம், போடி, தேவாரத்தில் ஒன்று, மலைமேல் ஒன்று என்று பெயர் வைத்திருப்பவர்கள் உண்டு. 2016, 2021 சட்டமன்றத் தேர்தல்களில் இரு மாநிலத்திலும் ஒரே நாளில் வாக்குப்பதிவு. 2019, 2024 மக்களவைத் தேர்தல்களில் சில நாள் இடைவெளி. அந்த இடைவெளியில் யார் யார் ஜீப் அனுப்பினார்கள் என்பது கம்பம்மெட்டில் எல்லோருக்கும் தெரியும். விடிவதற்கு முன்பு தூக்குவாளியோடு பெண்களை ஏலத்தோட்டத்துக்கு நெருக்கி ஏற்றிப் போகிற அதே ஜீப்தான், தேர்தல் அன்று மட்டும் காசில்லாமல் வரும். சட்டப்படி அது குற்றம், ஒருவருக்கு ஓர் இடத்தில்தான் பெயர் இருக்க வேண்டும். எனக்கு அதைவிடப் பெரிய குறை வேறு. வண்டியில் ஏற்றினால் வந்துவிடும் ஓட்டிடம் எந்தக் கட்சியும் கருத்துக் கேட்காது. ‘அது கள்ள ஓட்டு’ என்று சொல்லி நம்முடைய நல்ல ஓட்டையும் சேர்த்து மட்டம் தட்டுவதற்கு வழி வேறு செய்து கொடுத்துவிடுகிறோம். 2025 நவம்பரில் கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் ஒரே நேரத்தில் வாக்காளர் பட்டியல் தீவிரத் திருத்தப் படிவம் வீட்டுக்கு வந்தது. எங்கே வாழ்கிறீர்களோ, எந்த ரோடும் எந்த ஆஸ்பத்திரியும் உங்களுக்கு வேண்டுமோ, அங்கே பெயரை வையுங்கள். இன்னொன்றை நீங்களே எழுதிக் கொடுத்து எடுத்துவிடுங்கள்.

சென்னைக் கட்சி இங்கே வந்தால் சரியாகிவிடும் என்கிற எண்ணமும் சிலருக்கு உண்டு. 2016இல் அதிமுக தேவிகுளத்தில் ஆள் நிறுத்திப் பார்த்தது. ஓட்டுப் பிரிந்தது, வேறொன்றும் நடக்கவில்லை. ஆழியாற்றுத் தண்ணீர் என்று வந்தால் சித்தூர்த் தமிழ் விவசாயி தமிழ்நாட்டிடம்தான் கேட்டு வாங்க வேண்டும். 1970இல் எழுதிய பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தப்படி மணக்கடவில் வருஷத்துக்கு 7.25 டிஎம்சி அவருக்கு வர வேண்டும். அந்த இடத்தில் சென்னைக் கட்சி எந்தப் பக்கம் நிற்கும்? 2011 டிசம்பரில் முல்லைப்பெரியாறு கொதித்தபோது குமுளிப் பாதை அடைபட்டு, ஏலத்தோட்ட வேலைக்குப் போன பெண்கள் இரண்டு பக்கத்துக் கோபத்துக்கும் நடுவில் மாட்டிக்கொண்டார்களே, அன்றைக்கு எந்தத் தலைநகரம் துணைக்கு வந்தது? நம்முடைய காரியத்தை நாம் இருக்கிற இடத்துக் கட்சிகளிடம்தான் கேட்டு வாங்க வேண்டும்.

கேட்பது என்றால் எதை, எப்போது? உங்களில் சங்கச் சந்தா கட்டாதவர் குறைவு. சம்பளத்திலேயே பிடித்துவிடுகிறார்கள். கட்சி அட்டை வைத்திருப்பவர்களும் நிறைய. சந்தா வாங்குகிற சங்கத்துக்கும் அட்டை கொடுத்த கட்சிக்கும் வேட்பாளர் பட்டியல் போவதற்கு முன்பு உங்களைக் கேட்கிற கடமை இருக்கிறது. யாரை நிறுத்த யோசிக்கிறீர்கள், அவர்களைக் கூட்டி வாருங்கள் என்று சொல்லுங்கள். மூணாறில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கொழிஞ்சாம்பாறையில் ஒரு சந்தை நாள். ஒரே மைக், தமிழில் பேச்சு, கேள்வி உங்களுடையது. மூன்று கூட்டணியும் வந்தால் நல்லது. வராதவரின் நாற்காலி காலியாகக் கிடக்கட்டும்.

கேள்வி உங்களிடம் இல்லாமலா? கொழுந்து நிறுக்கும்போது சாக்குக்கென்றும் ஈரத்துக்கென்றும் கழிக்கிற கிலோவை யார் கணக்குப் பார்ப்பார்? ஓய்வு பெற்ற மறுநாள் லயத்தைக் காலி செய்யச் சொன்னால் முப்பது வருஷம் அங்கே வேலை செய்தவர் எங்கே போவார்? குடியேறியவர் பட்டாவைப் பற்றி இடுக்கியில் எல்லோரும் பேசுகிறார்கள், லயத்துக்காரரின் மூன்று சென்ட்டைப் பற்றி யார் பேசுவார்? தமிழ்வழியில் படித்த பிள்ளைக்கு பி.எஸ்.சி. வேலையில் என்ன வழி? தமிழ்ச் சிறுபான்மையினர் அரசுக்குத் தமிழிலேயே எழுதலாம், தமிழிலேயே பதில் பெறலாம் என்று 1969ஆம் வருஷத்து ஆட்சிமொழிச் சட்டம் சொல்கிறது. தாலுகா ஆபீஸில் அது நடக்கிறதா? இதற்கெல்லாம் நின்று பதில் சொல்ல முடியாதவருக்கு சீட் கொடுக்காதீர்கள் என்று ஓட்டுக்கு முன்பே சொன்னால்தான் அது கட்சிக்கு உறைக்கும். ஓட்டுச்சாவடிக்குப் போகாமல் இருந்தால் அவர்களுக்கு ஒன்றும் உறைக்காது. சதவீதம் குறைந்தது என்று ஒரு நாள் செய்தி வரும், வெயில் என்று சொல்லி முடித்துவிடுவார்கள். அன்றைக்கும் ஒருவர் ஜெயித்துத்தான் தீருவார்.

அடுத்த பட்டியல் வருவதற்கு முன்பு உங்கள் வார்டில், உங்கள் டிவிஷனில் பத்துப் பேர் கூடி உட்காருங்கள். கேள்விகளைத் தமிழில் ஒரே கடிதமாக எழுதி, எல்லாரும் கையெழுத்துப் போட்டு, மூன்று கட்சி ஆபீஸிலும் கொடுத்து ரசீது வாங்குங்கள். யார் பதில் சொன்னார், யார் சொல்லவில்லை என்பதைப் பெரட்டுக்களத்திலும் சந்தையிலும் படித்துக் காட்டுங்கள்.

இப்படிக்கு,
சித்தூர்த் தாலுகாவிலிருந்து உங்களில் ஒருவன்